ஊறு எட்டும் ஒருபிடி மணலும்

உயிரில்லாப் பொருள்களின் குணங்களை நன்னூலின் உரியியலில் பவணந்தியார் தொகுத்துரைக்கும்போது, வடிவம், நாற்றம், வண்ணம், சுவை என்று எண்ணிவந்து ஊற்றில் கொண்டுபோய் முடிக்கிறார். ஊறு என்பது தொட்டு அறியப்படுவது. அதன் வகை எட்டு. வன்மை மென்மை, தண்மை வெம்மை, சீர்மை நொய்ம்மை, இழுமெனல் சருச்சரை என்று உரைகாரர்கள் அவற்றை விரிப்பர். சீர்மை என்றால் இங்கே கனம், நொய்ம்மை இலேசு. இழுமெனல் வழவழப்பு, சருச்சரை சொரசொரப்பு. கூர்ந்து பார்த்தால் எட்டும் நான்கு இணைகள்; ஒவ்வோர் இணையும் ஒன்றுக்கொன்று எதிர்மறை.

கடலூர் மாவட்டத்துக் கல்லூரி வகுப்பறையில் இதை ஆண்டுதோறும் நடத்திவருகிறோம். மாணவர்கள் எட்டையும் பிழையின்றி ஒப்பிப்பார்கள். சருச்சரைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அவர்களுள் பலர் பண்ணுருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். பலாப்பழத்தின் முள்தோல், பிசுபிசுக்கும் பால், வழுக்கும் சுளை, சவ்வு உரிந்த கொட்டை என்று ஒரு பழத்திலேயே உரைகாரரின் பட்டியலில் பாதியைக் கையால் அளைந்து வளர்ந்தவர்கள். கையறிந்ததைச் சொல்லோடு சேர்த்துக் கொடுக்க அவர்களுக்கு ஆள் இருந்ததில்லை, அவ்வளவே.

சிறு பிள்ளைகளுக்குத் தொட்டறிதலைக் கற்பிப்பது மேலைநாட்டுப் புதுமை என்றும், ஆங்கில மழலையர் பள்ளிகளோடு நம்மிடம் வந்து சேர்ந்தது என்றும் பலர் கருதுகின்றனர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. பெருமையும் வெட்கமும் கலந்த வரலாறு அது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது உற்றறிதலையே முதலறிவாக வைக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஓரறிவு அது. குழந்தையும் அங்கேதான் தொடங்குகிறது. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாட்டில் வரும் குழந்தை சோற்றைத் தொட்டும் பற்றியும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்வதை நாம் மக்கட்செல்வத்தின் இன்பமாகவே படித்துவந்திருக்கிறோம். ஊறு என்னும் பாடத்தைக் குழந்தை தானே நடத்திக்கொள்ளும் காட்சியாகவும் அதைப் படிக்கலாம். பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவம் மணல்வீட்டைச் சுற்றியே அமைகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் கெடிலத்தின் வறண்ட படுகையிலும் ஆடப்பட்ட கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை அறியாதார் நம் தலைமுறையில் குறைவு. நீளமாகக் குவித்த மணலுக்குள் ஒரு சிறு குச்சியை ஒருவர் ஒளிக்க, அது இருக்குமிடத்தை மற்றவர் கைகோத்து மூடவேண்டும். மூடியபின் மணலைத் துழாவும் விரல்கள் ஈர்க்குக்கும் சருகுக்கும் சுள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்காமலே அறிந்துகொள்ளும்.

இந்த விரல்களுக்குத்தான் திண்ணைப் பள்ளி எழுத்தைக் கொடுத்தது. தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து, அகரத்தின் சுழியையும் வளைவையும் ஆசிரியர் எழுதுவிப்பார். பிள்ளை ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அதே வடிவத்தின்மேல் மறுபடி மறுபடி விரலை ஓட்டும். தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவு. பழைய எழுத்து போய்விடும். மணலில் கை தேர்ந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஓலையிலும் ஆசிரியர் கீறித்தந்த எழுத்தின்மேல் எழுத்தாணி ஓட்டிப் பழகுவதுண்டு. கீறலில் மஞ்சளையோ மையையோ தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் துலங்கும்; அதுவரை அது விரல் உணரும் பள்ளமே. உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில், பள்ளிப் பிள்ளைகள் காலையில் நீர்நிலைக்குச் சென்று கைகால் கழுவித் திரும்பும்போது மணல் கொண்டுவந்து, பழைய மணலை அகற்றிப் புதிய மணலைப் பரப்பியதைக் குறிப்பிடுகிறார். அன்றாடம் புதுப்பிக்கப்பட்ட பாடநூல் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

வந்துபோன அயலார் பலர் இக்காட்சியைக் கண்டு நின்றிருக்கிறார்கள். 1623இல் கன்னட நாட்டின் இக்கேரியில் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதியபடியே பாடிக் கணக்குப் படித்ததைக் கண்டு எழுதிவைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒருபடி மேலே போனார். தமிழாசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிப் பழகினார். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டினால் அரைநாள் பயணத்துக்கும் குறைவான ஊரில், ஜெர்மன் பாதிரியார் ஒருவர் சிறு பிள்ளைகளோடு சரிக்குச் சரி உட்கார்ந்து ‘அனா ஆவன்னா’ எழுதிய காட்சியை நினைத்தால் இன்றும் புன்னகை வருகிறது. பின்னாளில் அவர் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்ததும், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டதும் தெரிந்த செய்திகள். அவருடைய தோழர் கிரண்ட்லரின் முயற்சியால் 1717இல் கடலூரிலும் ஓர் அறப்பள்ளி தோன்றியது. 1740இல் வந்த சுவீடன் நாட்டுக் கீர்நாந்தர் இங்கே பள்ளிகள் நடத்தினார். 1758இல் பிரெஞ்சுக்காரர் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தபோது அந்த முயற்சி முறிந்து, அவர் கல்கத்தாவுக்குப் போனார்.

மணலெழுத்தைக் கடல் தாண்டிக் கொண்டுசென்றவர் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், ஒருநாள் குதிரையில் செல்லும்போது ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். (அக்கால ஐரோப்பியர் தமிழரைத்தான் மலபார் என்றனர், இச்சொல்லைக் கண்டு கேரளத்துக்குப் போய்விட்ட கட்டுரையாளர்களும் உண்டு.) தம் ஆதரவில்லத்தின் கடைசி வகுப்பில் அதைப் புகுத்தச் சொன்னார். உதவி ஆசிரியருக்கு மனமில்லை. பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார்; அவன் நடத்திக் காட்டினான். நம் சட்டாம்பிள்ளை ஆங்கிலேயனாகப் பிறந்த கதை அது. 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல்தட்டுகள் வந்தன. ‘சென்னை முறை’ என்றே அதற்குப் பெயரும் ஆயிற்று.

ஆனால் இங்கிலாந்து இந்த முறையில் எதைக் கண்டு மகிழ்ந்தது? ஒரே ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஆளலாம் என்பதையும், மணலுக்குச் செலவில்லை என்பதையும்தான். விரலுக்கும் மணலுக்கும் இடையே நடப்பது என்ன என்ற கேள்வி அங்கே பெரிதாக எழவில்லை என்றே நமக்குப் படுகிறது. ஆகையால் சிலேட்டு மலிந்ததும் மணல்தட்டு மறைந்தது.

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களைப் பணித்தார். தென்னார்க்காட்டுக் கணக்கு 1823இல் போய்ச் சேர்ந்தது. தலைநகராகிய கடலூரும், சிதம்பரமும் அடங்கிய அந்த மாவட்டத்தில் பள்ளிகள் 875. மாகாணம் முழுவதற்கும் 12,498. அதே 1823இல்தான் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் வள்ளலார் பிறந்தார் என்பதையும் இடையே நினைத்துக்கொள்ளலாம். இந்த ஆவணங்களுள் நமக்கு மிக வேண்டியது பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் எழுதியது. ஐரோப்பாவில்போல் எழுத்துக்களின் பெயரை வெறுமனே சொல்லிப் பழகாமல், மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் எழுத்தறிகின்றனர் என்றும், இம்முறையின் சிக்கனம் இங்கிலாந்து பின்பற்றத் தக்கதாகவே இருந்தது என்றும் அவர் எழுதுகிறார். அவர் கண்ணிலும் முதலில் பட்டது சிக்கனமே.

இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983இல் ‘அழகிய மரம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாகத் தொகுத்தபின், ஆங்கிலேயர் வருமுன் நம்மிடம் கல்வியே இல்லை என்ற பேச்சு அடங்கியது, அது நல்லதே. ஆனால் அதே பட்டியலின் மறுபக்கத்தையும் படிக்கவேண்டும். மாகாணத்தில் படித்த 1,88,650 பேருள் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தாம். பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், இசுலாமியர் என்று பத்தி பிரித்த அந்தக் கணக்கில், சேரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பத்தி கிடையாது. ‘பிற சாதியார்’ என்பதற்குள் அவர்கள் எத்தனை பேர் அடங்குவர் என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிடலாம். திண்ணையை நேரில் அறிந்தவர்களுக்கு அந்த வாதம் தேவைப்படாது. மணல் ஆற்றிலிருந்து வந்தது, யாரும் அள்ளலாம். திண்ணையோ ஒரு வீட்டைச் சேர்ந்தது. வீடு ஒரு தெருவில் இருந்தது. அந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. மணலெழுத்து ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. வேறு எந்தக் கற்பித்தல் முறையையும்விட இதற்குத் தொடுதல் வேண்டும். தொடக்கூடாது என்று விலக்கிவைத்த பிள்ளையின் விரலை அந்த ஆசிரியர் எப்படிப் பிடித்திருப்பார்? தமிழில் ஊறு என்ற சொல்லுக்குத் தொட்டறிதல் என்பதும் தீங்கு என்பதும் ஆகிய இரு பொருள்களும் உண்டு. தீண்டுதல் என்றால் தொடுதல். பாம்பு கடிப்பதும் தீண்டுதலே. அகராதியில் அருகருகே கிடக்கும் இப்பொருள்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு சமுதாயம் தன் சொற்களில் தன்னையே எழுதிவைத்துவிட்டதோ என்ற எண்ணம் எழுகிறது.

சிதம்பரத்தில் இக்கதைக்கு இரண்டு பள்ளிகள் சான்று. முதலாவது 1864இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை. நாவலர் நன்னூலைச் செம்மையாக அச்சிட்டவர். பாலபாடங்களை எழுதிச் சிறு பிள்ளைகளின் கையில் அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தவர். அவருடைய தமிழ்ப்பணிக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அச்சுப் புத்தகம் வந்த இடத்தில் கல்வி கண்ணுக்கு உரியதாகியது. விரலின் வேலை தாளைப் புரட்டுவதோடு குறையத் தொடங்கியது. ஊறு எட்டையும் அச்சில் படித்த தலைமுறைகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. சாதியொழுக்கத்தில் நாவலர் பழமை பேணியவர் என்பதும் மறைக்கக்கூடியதன்று.

இரண்டாவது, 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த அவர், துறவு பூண்டு சிதம்பரம் வந்து, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று அப்பள்ளியை உருவாக்கினார். ஓமக்குளம் பகுதி, நந்தனார் தீயில் இறங்கியதாக மரபு சொல்லும் இடம். நந்தனாரின் கதையில் தில்லைக்குள் செல்லத் தீயில் மூழ்கவேண்டியிருக்கிறது. சகஜானந்தர் அந்த இடத்தைப் பிள்ளைகள் எழுத்தறியும் இடமாக மாற்றினார். பின்னாளில் சட்டமன்றத்திலும் இடம்பெற்ற அவர் 1959இல் மறைந்தார். பள்ளி பிறகு அரசுப் பள்ளியாகி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகளாக அவ்வூரில் வளர்ந்துள்ளது. சிலேட்டிலா மணலிலா, எதில் அங்கே முதல் அகரம் எழுதப்பட்டது என்பது நமக்கு முக்கியமன்று. தொடக்கூடாது என்று விலக்கப்பட்ட விரலை ஓர் ஆசிரியர் பிடித்தார். 875 பள்ளிகள் இருந்ததாக 1823இல் எண்ணப்பட்ட மாவட்டத்தில் அதற்கு 1916 ஆகவேண்டியிருந்தது.

இனி மரியா மாண்டிசோரி. 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய இந்த மருத்துவர், இத்தார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கையாண்ட வழிகளிலிருந்து தம் முறையை வளர்த்தார். பாதி வழவழப்பும் பாதி உப்புத்தாளின் சொரசொரப்பும் கொண்ட பலகைகள். பட்டும் பருத்தியும் கம்பளியும் இட்ட துணிப்பெட்டி. ஒரே அளவில், ஆனால் வேறுவேறு எடையில் அறுத்த மூவகை மரத்துண்டுகள். தொட்டால் குளிர்ச்சி மாறுபடும் பளிங்கு, இரும்பு, மரத் தகடுகள். குழந்தை வெந்நீரில் விரல்நுனியைக் கழுவிக்கொள்ளும், கண்ணைக் கட்டிக்கொள்ளும், ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும். எழுத்துக்கும் அதே வழி. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரு விரலால் தடவியபடி அதன் ஒலியைச் சொல்லவேண்டும்.

இந்தப் பெட்டிகளின் பட்டியலை முதலில் படித்தபோது நமக்கு நினைவு வந்தது பவணந்தியாரின் உரைகாரர்கள்தாம். வழவழப்புப் பலகை இழுமெனலும் சருச்சரையும். மரத்துண்டு சீர்மையும் நொய்ம்மையும். தகடு தண்மையும் வெம்மையும். துணிப்பெட்டி மென்மை. மாண்டிசோரி நன்னூலைப் படித்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அப்படிப்பட்ட பெருமைகளால் நமக்குப் பயனில்லை. தொட்டறிதலைக் கூர்ந்து நோக்கிய இருவர், எழுநூறு ஆண்டு இடைவெளியில், ஏறத்தாழ அதே இணைகளைக் கண்டனர் என்பதே வியப்பு. ஒருவரின் கண்டுபிடிப்பு குழந்தையின் கைக்குப் போயிற்று. மற்றவருடையது இளங்கலை வினாத்தாளுக்குப் போயிற்று.

1939 நவம்பரில் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, மாண்டிசோரி மகனோடு அடையாறு வந்தார். முதல் பயிற்சி வகுப்பிலேயே நாடெங்குமிருந்து முந்நூறு பேர் சேர்ந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டார் என்று அவர்கள் மீது தடைகள் விழுந்தன. அவ்வாறே அவர் 1946 வரை இந்நாட்டில் தங்கிக் கற்பித்தார். பெல் மணலைக் கண்ட எழும்பூருக்கும் இந்த அடையாறுக்கும் இடையே சில கல் தொலைவுதான். மணலில் இங்கிருந்து சென்றது உப்புத்தாளில் திரும்பி வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மணலில் குழந்தை தானே பள்ளத்தை உண்டாக்கியது. உப்புத்தாளில் பிறர் செய்துவைத்த மேட்டைப் பின்தொடர்கிறது. மணலெழுத்து அழிந்துவிடும்; உப்புத்தாள் எழுத்து தவறவே விடாது. இரண்டிலும் நன்மை உண்டு. நம்மைக் கேட்டால், மணலையே முதலில் வைப்போம். 2004இல் பிரான்சில் புளோரன்ஸ் பாரா, எதுவார் ஜென்தாஸ் குழுவினர் மழலையர்மீது நடத்திய ஆய்வில், எழுத்தைப் பார்த்ததோடு விரலால் தடவியும் பயின்ற பிள்ளைகள் படிப்பதில் கூடுதலாக முன்னேறினர். திண்ணை வாத்தியார் கேட்டிருந்தால், இதற்கு ஓர் ஆய்வா என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருப்பார்.

இந்த உப்புத்தாள் எழுத்துக்களும் துணிப்பெட்டிகளும் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பள்ளிகளில்தான் சேர்ந்தன. 2007இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் பொருள்களையும் ஏழைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவர முயன்றது. தரையில் உட்கார்ந்த ஆசிரியரைப் பல ஊர்களில் பெற்றோர் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டனர். பாடமே நடத்துவதில்லை என்று முறையிட்டவர்களும் இருந்தனர்.

மணலோ இப்போது விலைப்பொருள். ஆற்று மணல் குவாரிகளை 2003இல் பொதுப்பணித்துறை ஏற்றது. பெண்ணையாற்றிலும் வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் லாரிகள் அள்ளியது போக மிஞ்சிய படுகையைப் பார்த்தவர்களுக்கு அதன் விலை தெரியும். குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் மணற்கேணி நினைவுக்கு வருகிறது. அங்கே தொடுதல் என்றால் தோண்டுதல். 2023இல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட பாடச் செயலிக்கும் மணற்கேணி என்றே பெயர். பயனுள்ள செயலிதான். ஆனால் அதைத் தொடும் விரலுக்கு அகரமும் மகரமும் பலாத்தோலும் பட்டுத்துணியும் ஒரே வழவழப்பு. உரைகாரர் சொன்ன எட்டில் இழுமெனல் ஒன்றே அந்தக் கண்ணாடியில் உண்டு.

விசயதசமியன்று சிதம்பரத்தில் இன்றும் பல வீடுகளில் தாம்பாளத்தில் நெல்லையோ அரிசியையோ பரப்பி, மடியில் அமர்த்திய பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பார்த்தோம். அகரம் எழுதி முடித்துப் படம் எடுத்தாயிற்று; பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். குழந்தை எழவில்லை. இரண்டு கையையும் நெல்லுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டு, உமியின் முனை உள்ளங்கையில் குத்தும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. ‘சிந்துது பாரு’ என்று பாட்டி தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.